செல்வலட்சுமியின் நாற்காலிக்கு என்ன நிறம்

விருதுநகர்
4.6.2006

அன்புள்ள செல்வத்துக்கு,

பேத்தி பிறந்து இன்றோடு பதினாறு நாள். பானுவுக்கு உடம்பு தேறிவிட்டதா? நேற்று போனில் நீ பேசிய நான்கு வார்த்தையில் மூன்று "ம்". பக்கத்தில் சம்பந்தியம்மா நிற்கிறார் என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. நிறத்தைப் போனில் காட்ட முடியாது.

நம் புது வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது. ஜன்னல்களுக்குக் கிரில் வந்துவிட்டது. கண்ணுச்சாமி ஆசாரி வாசல் கதவை மாட்டிவிட்டார். பால் காய்ச்ச ஆவணி 14, புதன்கிழமை என்று நாள் குறித்திருக்கிறேன். ஆகஸ்டு முப்பதாம் தேதி வருகிறது. பாக்கி இருப்பது பெயின்ட் மட்டும்தான்.

கல்யாணமான இந்த இருபத்தொன்பது வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறியிருக்கிறோம். ஏழிலும் வீட்டுக்காரர் அடித்து வைத்த, நீலம் கலந்த சுண்ணாம்புதான். இந்த ஒரு வீட்டுக்காவது நீ நிறம் சொல்ல வேண்டும். பெயின்டர் பலவேசம் தினமும் கேட்கிறார். "வீட்டுக்காரம்மா ஊரில் இல்லை" என்றேன். "அப்ப ரோஸ் அடிச்சிருவோம் சார். ரோஸை வேண்டாம்னு சொன்ன பொம்பளையை நான் பாத்ததில்ல" என்கிறார். தடுத்து வைத்திருக்கிறேன்.

அபுதாஹிர் பாய் தன் கடையிலிருந்து கலர் கார்டு ஒன்று கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். நூற்றுக்கும் மேல் நிறம் இருக்கிறது, மிரளாதே. ஐந்தாம் வகுப்பில் உலகப் படத்தை விரித்தால் பிள்ளைகள் முதலில் திகைப்பார்கள். "எல்லாத்தையும் பாக்காதீங்க. விருதுநகர் எங்கன இருக்கும்னு மட்டும் தேடுங்க" என்பேன். பிறகு படம் சின்னதாகிவிடும். அதைப் போல உனக்குப் பிடித்த ஒன்றிலிருந்து ஆரம்பி.

கண்ணுச்சாமியிடம் நல்ல வேப்பம் பலகை மிச்சம் இருக்கிறது. உனக்கென்று ஏதாவது ஒரு சாமான் கேள்.

அன்புடன்,
சங்கரலிங்கம்


கோயம்புத்தூர்
12.6.2006

பானு அப்பாவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். பிள்ளை பகலெல்லாம் தூங்குதா. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீகளா?

கார்டு வந்துச்சு. பேரெல்லாம் இங்கிலீஷ்ல இருக்குன்னு மாப்பிள்ளை படிச்சுச் சொன்னாரு. ஒண்ணு பேரு பாலைவன ரோசாவாம். பாலைவனத்துல ஏது ரோசா? இன்னொண்ணு காலை மூடுபனி. நம்ம ஊர்ல மூடுபனியைக் கண்டது யாரு? கட்டைவிரல் அகலத்துல ஒரு கட்டத்தைக் காட்டி, இதுதான் உன் சுவருன்னா நான் எப்படி நினைச்சுப் பாக்க?

சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு தெருவுல நடக்கேன். முன்னெல்லாம் ஒரு வீட்டைப் பாத்தா அங்கன யாரு இருக்காகன்னு பாப்பேன். இப்ப சுவரைப் பாக்கேன், கதவைப் பாக்கேன். நேத்து ஒரு வீட்டு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல. உள்ள இருந்து ஒரு அம்மா வந்து "யாரு வேணும்?"னு கேட்டாக. உங்க சுவர்தான் வேணும்னா சொல்ல முடியும்? பிள்ளைக்குக் காத்து வாங்க நின்னேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஒரு பிஸ்கெட் உறையிலருந்து மஞ்சத் துண்டு வெட்டி வச்சிருக்கேன். கூடத்துக்கு அது நல்லாருக்கும்னு இன்னைக்குத் தோணுது.

சாமான் கேக்கச் சொன்னீக. நான் குள்ளம். எந்த நாற்காலியில உக்காந்தாலும் என் கால் தரையில படாது. முன் நுனியில உக்காந்து உக்காந்தே இம்புட்டு வருசம் போச்சு. என் முட்டியிலருந்து குதிகால் வரைக்கும் அளந்து ஒரு நூல் வச்சிருக்கேன். அந்த உயரத்துக்கு ஒரு நாற்காலி செய்யச் சொல்லுங்க. கை வச்சுக்க இடம் வேணும். அம்புட்டுதான்.

உலகப் பட உதாரணம் நல்லாருந்துச்சு. உதாரணம் இல்லாம ஒரு கடுதாசி எழுத உங்களால முடியுமா?

செல்வலட்சுமி


விருதுநகர்
20.6.2006

அன்புள்ள செல்வத்துக்கு,

நூல் வந்தது. மடிப்புக்குள் இருந்ததைக் கவனிக்காமல் உறையை உதற, அது ஜன்னல் வழியாகப் பறக்கப் பார்த்தது. பிடித்துவிட்டேன்.

கண்ணுச்சாமியிடம் கொடுத்தேன். நூலைத் தரையில் நீட்டிப் பார்த்துவிட்டு, "பேத்திக்கா சார்? பிள்ளை உக்கார இன்னும் நாளாகுமே" என்றார். "என் வீட்டு அம்மாவுக்கு" என்றேன். "அப்ப இத்தனை வருசமா அம்மா எதுலதான் உக்காந்தாக?" என்று கேட்டார். நம் வீட்டில் மூன்று நாற்காலி இருந்தது. மூன்றும் என் உயரத்துக்கு வாங்கியவை. இதை நான் இதுவரை யோசித்ததே இல்லை. நாற்காலி இன்னும் பத்து நாளில் தயாராகிவிடும்.

உன் மஞ்சளைப் பலவேசம் கூடத்துச் சுவரில் ஒரு முழம் அடித்துக் காட்டினார். காலையில் நன்றாக இருந்தது. மத்தியான வெயில் உள்ளே வந்ததும் கண் கூசியது. சோற்றில் உப்பு போடுகிற மாதிரிதான் இதுவும். கரண்டியில் பார்க்கும்போது கொஞ்சமாகத் தெரிவது சட்டிக்குள் போனதும் கூடிவிடும். ஆகவே ஒரு படி குறைத்துச் சொல். சீக்கிரம் சொல். பலவேசம் அடுத்த வாரம் சாத்தூரில் வேறொரு வேலைக்குப் போகிறாராம்.

அன்புடன்,
சங்கரலிங்கம்


கோயம்புத்தூர்
1.7.2006

பானு அப்பாவுக்கு,

மஞ்சள் வேண்டாம். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு வேண்டாம்னு ஆயிருச்சு. மறுநாள் நீலம் நல்லாருக்கும்னு நினைச்சேன். பானு சேலைக் கரையில ஒரு நூல் உருவி வச்சேன், அவ சத்தம் போட்டா. அதுக்கு அடுத்த நாள் முருங்கை இலைப் பச்சை. ரெண்டையும் இத்தோட அனுப்புறேன். ஆனா ரெண்டையும் நம்பாதீக.

மாப்பிள்ளை என்னை ஒரு பெரிய மரச்சாமான் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. மெத்தை வச்ச சோபா, கண்ணாடி மேசை, கடைக்குள்ளயே வீடு மாதிரி அறை அறையாப் பிரிச்சு வச்சிருக்காக. கடைக்காரப் பொண்ணு "உங்களுக்கு எப்படி வேணும் ஆன்ட்டி? உங்க ஐடியா சொல்லுங்க"ன்னு கேட்டா. தண்ணி வேணும்னு சொல்லி வெளிய வந்துட்டேன்.

ஏன்னு வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஒம்பது வயசுல மத்தாப்புக் கம்பெனிக்குப் போனேன். தட்டுல எந்த மருந்து வருதோ அதைத்தான் தொடணும். அப்புறம் கல்யாணம். எந்தச் சேலை எடுத்தாகளோ அதைக் கட்டினேன். எது வேணும்னு யாரும் கேட்டதில்ல. இப்ப நீங்க கேட்டதும் எல்லாம் வேணும் போலயும் இருக்கு, எதுவும் வேண்டாம் போலயும் இருக்கு. சோறு இறங்க மாட்டேங்குது. தெருவுல பத்துச் சுவர் பாத்துட்டு வந்தாத்தான் நிம்மதி. பாத்துட்டு வந்தா அதுவும் இல்ல.

எனக்கு இன்னும் பதினஞ்சு நாள் குடுங்க. நானாச் சொல்றேன். அதுவரைக்கும் பலவேசத்தை ஒண்ணும் செய்ய விடாதீக.

செல்வலட்சுமி


விருதுநகர்
13.7.2006

அன்புள்ள செல்வத்துக்கு,

நீ கேட்ட பதினைந்து நாளில் பன்னிரண்டு நாள் பொறுத்தேன். சுவரை நான் தொடவில்லை. அது உன் பொறுப்பு. ஆனால் கிரில் கம்பிகள் சும்மா கிடந்து துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டன. பலவேசமும் சாத்தூர் வேலைக்கு நடுவே மூன்று நாள் ஓய்வாக இருந்தார். அபுதாஹிர் பாய் சொன்னார்: "சார், இரும்புக்கு வெள்ளிப் பெயின்டை மிஞ்சி ஒண்ணும் கிடையாது. நம்ம வெயிலுக்கும் நிக்கும், மழைக்கும் நிக்கும்."

அடித்துவிட்டோம்! ஜன்னல் கிரில்கள், வாசல் கேட், பழைய இரும்புக் கட்டில், பீரோ எல்லாம் வெள்ளி. கடைசியில் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உன் நாற்காலி அன்றுதான் வந்திருந்தது. நூல் பிசகாத உயரம், கைப்பிடி வளைவு அவ்வளவு அழகு. அதற்கும் அடிக்கச் சொல்லிவிட்டேன். மரத்துக்கு யாரும் வெள்ளி அடிக்க மாட்டார்கள் என்று பலவேசம் சொன்னார். "எங்கள் வீட்டு அம்மாவுடையது தனியாகத் தெரியட்டும்" என்றேன்.

காலை வெயிலில் வாசலில் நின்று பார்த்தேன். துலக்கி வைத்த வெள்ளிப் பாத்திரம் போல இருக்கிறது வீடு. நீ அதற்குள் வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. ஒரு தாளில் தடவி வைத்திருக்கிறேன், பார்.

அன்புடன்,
சங்கரலிங்கம்


கோயம்புத்தூர்
20.7.2006

பானு அப்பாவுக்கு,

நீங்க அனுப்பின வெள்ளித் தாளைத் திருப்பி வச்சிருக்கேன்.

ஆவணி 14 நான் வரல. பாலை உங்க அக்காவை வச்சுக் காய்ச்சிக்கோங்க. சுவருக்கு ரோஸோ எதுவோ அடிச்சுக்கோங்க. நான் இங்கனயே இருந்துக்கிறேன். பிள்ளைக்கும் ஆள் வேணும்.

செல்வலட்சுமி


விருதுநகர்
27.7.2006

செல்வத்துக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் அதே ஆறு வரிதான்.

மூன்று நாளாகப் போன் செய்கிறேன். மாப்பிள்ளை எடுக்கிறார். "அத்தை குளிக்கிறாங்க மாமா." மறுநாளும் குளியல். மூன்றாம் நாளும் குளியல். கோயம்புத்தூரில் தண்ணீர் அவ்வளவு தாராளமா?

என்ன தவறு செய்தேன் என்று தெரியவில்லை. கேட்ட நாளுக்கு மூன்று நாள் முந்திவிட்டேன், அது தவறுதான். ஆனால் அதற்காக ஒரு வீட்டையே வேண்டாம் என்பாயா? வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கு தப்பாகப் போய்விட்டால் அந்தக் கணக்கை மட்டும் அடிக்க மாட்டான், நோட்டையே கிழித்துவிடுவான். நீ செய்வது அப்படித்தான் இருக்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன். இந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நான் எவ்வளவு குழம்பிப் போயிருக்கிறேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்குப் போகிறேன், வாசலில் நிற்கிறேன், திரும்பி வருகிறேன். உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை. நாற்காலி கூடத்தின் நடுவில் இருக்கிறது. நான் உட்கார்ந்து பார்த்தேன். முட்டி நெஞ்சுக்கு வருகிறது. உன்னைத் தவிர யாராலும் அதில் உட்கார முடியாது.

என்னவென்று ஒரு வரி எழுது.

சங்கரலிங்கம்


கோயம்புத்தூர்
5.8.2006

பானு அப்பாவுக்கு,

எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த நாற்காலியில யாராலும் உக்கார முடியாதுன்னு எழுதியிருந்தீக பாருங்க, அதுக்காக எழுதுறேன்.

நான் என்ன வேலை பாத்தேன்னு உங்களுக்குத் தெரியும். ஏழாயிரம்பண்ணையிலருந்து கம்பெனி பஸ்ஸில போவோம். மத்தாப்புக் கம்பியைச் சட்டத்துல அடுக்கி, மருந்துல முக்கி, வெயில்ல காய வைக்கணும். அந்த மருந்துல அலுமினியப் பொடி இருக்கும். சாயங்காலம் இறங்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் முழங்கை வரைக்கும் வெள்ளியா மினுங்கும். எங்க ஊர்ல அதை யாரும் ஒரு விசயமாப் பேச மாட்டாக. எல்லார் கையும் ஒண்ணுதான்.

கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னாடி வரைக்கும் வேலைக்குப் போனேன். சீசன் நேரம், விட மாட்டாக. மருதாணி வச்சேன். உள்ளங்கை சிவந்துச்சு, நகக்கண்ணுல மட்டும் வெள்ளி போகல. புளி போட்டுத் தேய்ச்சேன், சாம்பல் போட்டுத் தேய்ச்சேன். போகல.

பந்தியில கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டேன். ஆனா சாப்பிட வெளிய எடுக்கணும்ல. உங்க அக்கா பாத்துட்டாக. "இதென்னடி கை?"ன்னு கேட்டாக. நான் பதில் சொல்றதுக்குள்ள நீங்க சொன்னீக. "மாமாகிட்ட வெள்ளிப் பாத்திரம் கேட்டோம். அவரு வெள்ளிக் கையவே அனுப்பி வச்சுட்டாரு"ன்னு. பந்தி முழுக்கச் சிரிச்சுச்சு. எங்க அய்யா எதிர்ப் பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தாரு. அவரும் சிரிச்சாரு. அவரு சிரிக்க வேண்டிவந்ததைத்தான் என்னால மறக்க முடியல.

உங்க அம்மா மூணு வாரம் என்னை அரிசிப் பானையைத் தொட விடல. நகம் வளர்ந்து வெட்டுற வரைக்கும். அப்புறம் ஒரு வருசம் உங்க வீட்டுல என் பேரு வெள்ளிக்கை.

அந்த வேலை எனக்குக் கேவலம் இல்ல. கேவலமா இருந்தது சிரிப்புதான். நீங்க மறந்திருப்பீக. நல்ல மனுசர்தான் நீங்க, ஒரு நாள் கை நீட்டினதில்ல, குரல் உயர்த்தினதில்ல. அதனால நானும் சொல்லாம விட்டுட்டேன். இப்ப எனக்குன்னு ஒரே ஒரு சாமான் கேட்டேன். அதுலயும் வெள்ளியை அடிச்சு, வெள்ளிப் பாத்திரம் போல இருக்குன்னு அதே வார்த்தையை எழுதி அனுப்பியிருக்கீக.

சுரண்டச் சொல்லல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

செல்வலட்சுமி


விருதுநகர்
14.8.2006

அன்புள்ள செல்வத்துக்கு,

எனக்கு நினைவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதை எவ்வளவோ யோசித்தும் அந்தப் பந்தி எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சாத்தூருக்குப் போனேன். அக்காவிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கையா?" என்று சிரித்தாள். "ஏலே, நீதானலே அந்தப் பேரை வச்ச! நாங்க கூப்பிடத்தானலே செஞ்சோம்."

"நான் எப்போது வைத்தேன்?"

"பந்தியில. உன் மாமனாரு கையில சாம்பார் வாளி. எலே, உனக்கு ஞாபகம் இல்லையா?" அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஏன், அவ இன்னும் அதை நெனச்சுக்கிட்டா இருக்கா?"

ஆமாம் என்றேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "நானும்தான் சிரிச்சேன்னு சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன்.

ஊருக்கு வந்து உப்புத்தாள் வாங்கினேன். நாற்காலியைச் சுரண்ட ஆரம்பித்தேன். பலவேசம் வந்து பார்த்துவிட்டு, "நல்ல பெயின்டை ஏன் சார் பாழாக்குறீக? குடுங்க, நான் செய்றேன்" என்றார். கொடுக்கவில்லை. மூன்று நாள் ஆனது. கைப்பிடி வளைவில் விரலை நுழைத்துத்தான் தேய்க்க முடிந்தது. இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளியாகிவிட்டது. மண்ணெண்ணெய் போட்டேன். கை வெளுத்தது. நகக்கண் வெளுக்கவில்லை.

இரண்டாம் நாள் டீ குடிக்கப் போனேன். கிளாசை வாங்கக் கையை நீட்டினேன். கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "என்ன வாத்தியாரே, ரிட்டயர் ஆகிட்டு மத்தாப்புக் கம்பெனிக்குப் போறீகளா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன். டீ ஆறிப்போனது. குடிக்கக் கையை வெளியே எடுக்க வேண்டுமே என்று நின்றுகொண்டிருந்தேன்.

அங்கே நின்றபோது நீ எழுதியது முழுவதும் புரிந்தது. எனக்கு அறுபது நெருங்குகிறது, தெரிந்த ஊர், தெரிந்த கடை. உனக்கு அன்று பத்தொன்பது வயது. எதிரில் உன் அய்யா.

மாமா இப்போது இல்லை. அவரிடம் கேட்க முடியாத மன்னிப்பையும் சேர்த்து உன்னிடம் கேட்கிறேன்.

நாற்காலி இப்போது வெறும் மரமாக இருக்கிறது. கிரில்லை நாளை ஆரம்பிக்கிறேன், கேட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன். சுவர் வெறும் பூச்சோடுதான் நிற்கிறது. நீ ஆவணி 14 வராவிட்டால் அன்று பால் காய்ச்சப் போவதில்லை. வேறு நாளும் குறிக்க மாட்டேன். வாடகை வீட்டிலேயே இருப்பேன்.

நாற்காலியைத் தேய்த்த உப்புத்தாளில் ஒரு துண்டும் உன் நூலும் இத்துடன் இருக்கின்றன.

சங்கரலிங்கம்


கோயம்புத்தூர்
19.8.2006

பானு அப்பாவுக்கு,

கடுதாசியைப் படிச்சேன். "என்னம்மா, அப்பா என்ன எழுதியிருக்காரு?"ன்னு பானு கேட்டா. "உதாரணம் இல்லாம ஒரு கடுதாசி எழுதியிருக்காரு"ன்னு சொன்னேன். அவ பயந்துபோய் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டா.

உப்புத்தாளை ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். ஒரு பக்கம் வெள்ளி. அதுக்கு அடியில, நீங்க ரொம்ப அழுத்தித் தேய்ச்ச இடத்துல, வேப்பமரத் தூள் ஒட்டியிருக்கு. வெளிர் தவிட்டு நிறம், லேசாச் சிவப்பு. ரெண்டரை மாசமா எத்தனை தெரு நடந்தேன், எத்தனை சுவர் பாத்தேன், எத்தனை உறையை வெட்டினேன். கடைசியில தபால்ல வந்திருக்கு.

கூடத்துக்கு அந்த நிறம். பலவேசத்துக்கிட்ட கார்டைக் காட்டாதீக, இத்தோட திருப்பி வச்சிருக்கிற இந்த உப்புத்தாளையே காட்டுங்க. வெள்ளி இல்லாத இடத்தை. ரோஸ்னு வாயத் திறந்தார்னா, வேண்டாம்னு சொன்ன பொம்பளையை இப்பப் பாத்துட்டீகன்னு சொல்லுங்க. அடுப்படிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு போதும். நாற்காலிக்கு ஒண்ணும் அடிக்க வேண்டாம். அது நிறம் அதுக்கு இருக்கு.

கிரில்லைச் சுரண்டுங்க. கட்டிலையும் பீரோவையும் நான் வந்து பாத்துச் சொல்றேன். கேட்டை மட்டும் விட்டுருங்க. அது வெள்ளியாவே இருக்கட்டும். வர்றவுக போறவுக ஏன்னு கேட்டா, எங்க வீட்டம்மா மத்தாப்புக் கம்பெனியில வேலை பாத்தவுகன்னு சத்தமாச் சொல்லுங்க. யாரு சிரிக்கான்னு பாப்போம்.

சாத்தூர் மதினியை ஆவணி 14க்குக் கட்டாயம் கூப்பிடுங்க.

வியாழக்கிழமை காலையில பஸ் ஏறுறேன். மாப்பிள்ளை ஏத்திவிடுவாரு. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்க. அதுவரைக்கும் கையில புளி, சாம்பல், மண்ணெண்ணெய் எதையும் போட்டுத் தேய்க்காதீக. நகத்தையும் வெட்டாதீக. நான் பாக்கணும்.

செல்வலட்சுமி